ஹீட்டர் பெற்ற பிள்ளை

திறந்த வண்டியாக ஓடிக்கொண்டிருந்த கார், கூரையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஓர் அறையாக மாறிய கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்த அறைக்குள் குளிரையும் வெக்கையையும் எப்படி அடக்கினார்கள் என்பது இந்த அத்தியாயம். கார் ஏசியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குவார்கள்: 1939 நவம்பர், சிகாகோ கார் கண்காட்சி, பேக்கார்டு கம்பெனியின் 1940-ஆம் ஆண்டு மாடல். தொழிற்சாலையே ஏசி வைத்து விற்க முன்வந்த முதல் கார் அதுதான். அதில் தகராறு இல்லை. ஆனால் இன்றைய கார்களின் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் அமைப்பின் வம்சாவளியைத் தேடிப் பின்னோக்கி நடந்தால் பேக்கார்டின் வாசலுக்குப் போய்ச் சேர மாட்டோம். அதற்கு முன்பே, விஸ்கான்சின் மாநிலத்துக் கெனோஷா நகரில் நாஷ் கம்பெனி 1938 மாடல்களுக்காகச் செய்த ஒரு ஹீட்டரிடம்தான் போய்ச் சேர்வோம். குளிர்பதன யந்திரத்தைக் காரில் ஏற்றிய பெருமை பேக்கார்டுக்கே இருக்கட்டும். அந்த யந்திரம் காரில் நிலைத்து உட்கார முடிந்தது, ஹீட்டருக்காக ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த காற்றுப் பாதையால்தான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். ஏசி கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு ஹீட்டர் செய்தவர்களுக்குப் போக வேண்டும்.

1919-இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடிய கார். 1920-கள் முடிவதற்குள் கணக்கு தலைகீழாகி, பத்தில் ஒன்பது மூடியவை ஆகிவிட்டன. திறந்த காரில் போனவர்கள் கம்பளியையும் தோல் போர்வையையும் நம்பினார்கள். காலடியில் கரி அடைத்த சிறு தகரப் பெட்டி வைத்துக்கொண்டார்கள். மூடிய காரில் அந்தப் பாடு தேவையில்லை என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் சுமார் கால் பங்குதான் எஞ்சினில் வேலையாக மாறுகிறது. மிச்சம் முழுவதும் வெப்பமாகி, ஒரு பகுதி ரேடியேட்டர் வழியாகவும் ஒரு பகுதி புகைக்குழாய் வழியாகவும் வீணாகிறது. வீணாகிற சூட்டில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிட்டால் போதாதா? ஃபோர்டின் மாடல் ஏ காருக்குச் செய்துவிற்ற ஹீட்டர்கள் அதைத்தான் செய்தன. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றி ஓர் இரும்புக் கூடு. ரேடியேட்டர் விசிறி தள்ளும் காற்று அந்தக் கூட்டுக்குள் புகுந்து, பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பை உரசிச் சூடாகி, எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள தகட்டில் போட்ட ஓட்டை வழியாகக் காலடிக்கு வரும். வண்டி ஏற்றத்தில் திணறும்போது அனல் அடிக்கும், இறக்கத்தில் ஆறிவிடும். எஞ்சின் எண்ணெயின் வாடையும் கூடவே வரும். வாடை வந்தாலாவது தெரியும். மேனிஃபோல்டில் மயிரிழை அளவு விரிசல் விட்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அதே ஓட்டை வழியாக வந்து, மூடிய கண்ணாடிக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும்.

1920-களின் பிற்பகுதியில் வெந்நீர் ஹீட்டர் வந்தது. ரேடியேட்டருக்குப் போகிற சூடான தண்ணீரில் ஒரு பங்கை ரப்பர் ஹோஸ் வழியாக டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் சிறிய ரேடியேட்டருக்குக் கொண்டுவந்து, அதன் பின்னால் ஒரு மின்விசிறியைச் சுழல விடுவது, அவ்வளவுதான் அமைப்பு. ஆர்வின் போன்ற பெயர்களில் இவை தனியாகக் கடைகளில் விற்றன, எந்தக் காரிலும் மாட்டிக்கொள்ளலாம். விஷவாயு பயம் இல்லை. தெர்மோஸ்டாட் எஞ்சின் தண்ணீரைச் சீரான சூட்டில் வைத்திருப்பதால் அனலும் ஆறலும் இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தார்கள். ஆனால் முன்கண்ணாடி வேறு கதை சொன்னது. இந்த ஹீட்டர் காருக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுச் சூடாக்கியது. நாலு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் மூச்சிலும் தோலிலுமாக ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேர்ந்துவிடும். அது வெளியே போக வழியில்லை. உறைபனிக் காற்று அடிக்கும் முன்கண்ணாடியைத் தொட்டதும் நீராகப் படியும், பிறகு உள்பக்கமே பனியாக உறையும். உள்ளே சூடு கூடக் கூட, காற்று அதிக ஈரத்தைச் சுமக்கிறது, படிவதும் அதிகமாகிறது. ஹீட்டர் போட்டவர்கள் ஜன்னலை இறக்கி ஓட்ட வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் ரப்பர் விளிம்பு வைத்த இரண்டாவது கண்ணாடியை ஒட்டவைத்தவர்களும் உண்டு.

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கு உதவும். பூஜ்யம் டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 17 கிராம் வரை தாங்கும். ஆக, வெளியே பனிமூட்டமாக ஈரம் நிறைந்து கிடக்கும் காற்றையே உள்ளே கொண்டுவந்து சூடாக்கினாலும், அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். நன்றாகக் காய்ந்த காற்று கிடைக்கும். கண்ணாடியில் படிந்ததையும் அது உறிஞ்சிக்கொள்ளும். காரைச் சூடாக்குவதற்கும் கண்ணாடியைத் துலக்குவதற்கும் ஒரே விடை, வெளிக்காற்றை எடு என்பதுதான். குளிர்காலத்தில் வெளிக்காற்றை வலிய உள்ளே விடுவது அன்றைய ஓட்டுநர்களுக்குக் கிறுக்குத்தனமாகவே பட்டிருக்கும்.

அந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்தது நாஷ். 1937-இல் ஃப்ரிஜ் கம்பெனியான கெல்வினேட்டரும் நாஷ் மோட்டார்ஸும் ஒன்றாகி நாஷ்-கெல்வினேட்டர் ஆயின. கெல்வினேட்டரிலிருந்து வந்த ஜார்ஜ் மேசன் தலைமைக்கு வந்தார். பொறியியல் பிரிவில் பின்லாந்தில் பிறந்த நில்ஸ் எரிக் வால்பெர்க் இருந்தார். ஃப்ரிஜ் கம்பெனியோடு சேர்ந்த கார் கம்பெனி முதலில் கொண்டுவந்தது குளிரூட்டியை என்று யாரும் நினைப்பார்கள், வந்தது ஹீட்டர். 1938 மாடலில் முன்கண்ணாடிக்கு அடியில், பானெட் முடிகிற இடத்தில் ஒரு காற்றுவாய் இருந்தது. வெளிக்காற்று அதன் வழியே இறங்கி, ஒரு வடிகட்டியைத் தாண்டி, வெந்நீர்ச் சுருளின் தகடுகளுக்கு இடையே புகுந்து சூடாகி, விசிறியின் தள்ளலில் காருக்குள் பரவும். ஒரு பங்கு முன்கண்ணாடியின் அடி விளிம்புக்குப் போகும். காற்று தொடர்ந்து உள்ளே தள்ளப்படுவதால் காருக்குள் அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கதவு இடுக்கில் குளிர்காற்று நுழைவதற்குப் பதிலாக உள்காற்று வெளியே கசியும். புழுதியும் உள்ளே வராது. அடுத்த ஆண்டு இதோடு தெர்மோஸ்டாட் சேர்ந்தது, ‘வெதர் ஐ’ என்று பெயரும் ஆயிற்று. ஓட்டுகிறவர் ஒரு குமிழைத் திருகி வைத்தால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். நாஷ் கார்களின் இருக்கைகளைச் சாய்த்துப் படுக்கையாக்கிக்கொள்ளும் வசதி 1936-இலிருந்தே விளம்பரத்தில் அடிபட்டது. காருக்குள் படுக்கத் தூண்டிய கம்பெனிக்குக் காருக்குள் மூச்சுவிடக் காற்று வேண்டும் என்பது உறைத்ததில் வியப்பில்லை.

இனி பேக்கார்டுக்கு வருவோம். அதன் ‘வெதர் கண்டிஷனர்’ அமைப்பைச் செய்துகொடுத்தது கிளீவ்லாந்தின் பிஷப் அண்ட் பாப்காக் கம்பெனி. எஞ்சினோடு பெல்ட்டால் சுழலும் கம்ப்ரஸர் ஆர்-12 வாயுவை அழுத்தும். அழுந்திச் சூடேறிய வாயு கண்டென்சரில் வெளிக்காற்றுக்குச் சூட்டை விட்டுத் திரவமாகும். திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறுதுளையைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழும். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் மைனஸ் 30 டிகிரி அருகிலேயே கொதிக்கும் பொருள் அது, ஆகவே குளிர்சுருளுக்குள் கொதித்து ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றின் சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். இன்றைய காரிலும் இதே சுழற்சிதான். இதில் பேக்கார்டு ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு நடந்தது காற்றின் பக்கத்தில். குளிர்சுருளும் விசிறியும் பின்னிருக்கைக்குப் பின்னால், டிக்கியின் பாதி இடத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எஞ்சினிலிருந்து டிக்கி வரை காரின் நீளத்துக்குக் குளிர்வாயுக் குழாய் ஓடியது. கரடுமுரடான சாலையில் குலுங்கும் ஒவ்வொரு இணைப்பும் கசிவதற்கு ஓர் இடம். கம்ப்ரஸருக்குக் கிளட்ச் இல்லை. எஞ்சின் சுழன்றால் அதுவும் சுழலும், விசிறியை நிறுத்துவது ஒன்றுதான் ஓட்டுநர் கையில் இருந்தது. உண்மையிலேயே அணைக்க வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் தூக்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். குளிர்காலம் முழுவதும் பெல்ட் வீட்டில் கிடக்கும். விலை 274 டாலர். அதே ஆண்டின் மலிவான பேக்கார்டு காரே 900 டாலருக்குள் கிடைத்தது. 1941-ஐத் தாண்டி இந்த வசதி நீடிக்கவில்லை. காடிலாக்கும் அந்த ஆண்டில் ஏசி வைத்துச் சில நூறு கார்களை விற்றுப் பார்த்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பேக்கார்டின் பெட்டிக்குள்ளேயே வெந்நீர்ச் சுருளும் இருந்தது. கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் சூடு என்று இரண்டையும் ஒரே அமைப்பு தரும் என்றுதான் விற்றார்கள். அப்படியானால் ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்த பெருமையும் பேக்கார்டுக்குத்தானே? சேர்த்தது உண்மை. ஆனால் எந்த ஹீட்டரோடு சேர்த்தது என்று பார்க்க வேண்டும். காருக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடும் பழைய ஹீட்டரின் வழியில், அதுவும் முன்கண்ணாடிக்கு மிகத் தொலைவில் வைத்துச் சேர்த்தார்கள். சுருட்டுப் புகை உள்ளேயே சுற்றும். முன்கண்ணாடியில் படியும் ஈரத்தை அது எட்டவே எட்டாது. சூட்டையும் குளிரையும் ஒரு பெட்டியில் அடைத்தார்களே தவிர, அந்தப் பெட்டிக்கு வெளிக்காற்று வந்து சேரும் வழியை யாரும் யோசிக்கவில்லை.

இன்னொரு மறுப்பு: பேக்கார்டு தோற்றது விலையாலும் போராலும்; வடிவமைப்பைக் குறை சொல்வதில் பொருளில்லை. 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கான கார் உற்பத்தியே நின்றுபோனது உண்மைதான். ஆனால் போருக்குப் பின் என்ன நடந்தது என்பதுதான் சான்று. 1953-இல், போர்க்கால நெருக்கடி ஏதும் இல்லாத, பணம் கொழித்த நாட்களில், ஜெனரல் மோட்டார்ஸ் தன் சொந்த ஃப்ரிஜிடேர் பிரிவின் ஏசியை காடிலாக், ப்யூக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வைத்தது. க்ரைஸ்லர் தன் ‘ஏர்டெம்ப்’ அமைப்பை இம்பீரியலில் வைத்தது. இரண்டும் திரும்பவும் டிக்கிக்கே போயின. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பின்கண்ணாடியின் இரு ஓரங்களிலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்கள் எழும்பிக் கூரைக்குள் நுழையும். குளிர்காற்று தலைக்கு மேலிருந்து இறங்கும். ஏசி இருப்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிய அந்தக் குழாய்கள் உதவின என்பதை மறுக்க முடியாது. காடிலாக்கில் இதற்கு விலை 600 டாலரைத் தாண்டியது. க்ரைஸ்லரின் அமைப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. குளிர்ச்சியின் வேகத்தில் அது அசுரன், வெளிக்காற்றையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. ஆனாலும் இந்தக் கார்கள் எல்லாவற்றிலும் முன்னால் ஒரு ஹீட்டரும் பின்னால் ஒரு குளிரூட்டியும், ஒன்றை ஒன்று அறியாமல், தனித்தனிக் கட்டுப்பாட்டோடு வேலை செய்தன. ஆகப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியும் ஏராளமான பணமும் கிடைத்தும் பேக்கார்டின் வடிவம் அதே முட்டுச்சந்தில்தான் நின்றது.

1954-இல் நாஷ் தன் பதிலைக் கொண்டுவந்தது. கார் அம்பாசடர், நம் ஊர் அம்பாசடருக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை, அது பிரிட்டிஷ் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழி வந்தது. அமைப்பின் பெயர் ‘ஆல்-வெதர் ஐ’. பெயரே சொல்லிவிடுகிறது, 1939-இன் வெதர் ஐ ஹீட்டரோடு ஒரு குளிர்சுருளைச் சேர்த்தால் வருவது. கம்ப்ரஸரும் கண்டென்சரும் பானெட்டுக்கு அடியில். குளிர்சுருள் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பழைய காற்றுப் பாதையில். டிக்கியில் ஒன்றுமே இல்லை. காற்றுவாய் பழையது, பாதை பழையது. இடையில் ஒரு சுருள் மட்டும் புதிது. குளிர்ந்த காற்று டாஷ்போர்டில் உள்ள திறப்புகள் வழியே முகத்துக்கு நேரே வந்தது. மின்காந்தக் கிளட்ச் ஒன்று பெல்ட்டுக்கும் கம்ப்ரஸருக்கும் இடையே உட்கார்ந்து, தேவைப்படும்போது பிடித்தது, போதுமென்றதும் விட்டது. பானெட்டைத் தூக்கிப் பெல்ட்டைக் கழற்றிய காலம் அத்தோடு முடிந்தது. சூடு, குளிர், காற்றோட்டம் மூன்றுக்கும் ஒரே தெர்மோஸ்டாட் கட்டுப்பாடு. முழு அமைப்பும் சுமார் 60 கிலோ எடை, விலை 345 டாலர். காடிலாக் வாங்குகிறவர் ஏசிக்கு மட்டும் கொடுத்ததில் ஏறக்குறைய பாதி. இந்த மலிவுக்குக் கெல்வினேட்டரின் அனுபவம் ஒரு காரணம் என்றால், செய்ய வேண்டிய வேலையில் பாதி ஏற்கெனவே ஹீட்டருக்காகச் செய்து முடிக்கப்பட்டிருந்தது இன்னொரு காரணம். விசிறிக்கும் காற்றுவாய்க்கும் இரண்டாம் முறை செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. காரின் நீளத்துக்குக் குழாயும் ஓட வேண்டியிருக்கவில்லை.

அதே 1954-இல் பாண்டியாக்கும் தன் ஏசியை முன்பக்கமே வைத்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. முன்பக்கம் நகர்த்தும் யோசனை நாஷுக்கு மட்டும் தோன்றியதல்ல. ஆனால் சூடாக்குவது, குளிர்விப்பது, வெளிக்காற்றை எடுப்பது மூன்றையும் ஒரே அமைப்பாகப் பின்னியது நாஷ்தான். பிற கம்பெனிகள் அடுத்த பத்தாண்டுகளில் நகர்ந்ததும் அந்தத் திசையில்தான்.

வலுவான மறுப்பு டெக்சாஸிலிருந்து வருகிறது. 1950-களில் அங்கே தனியார் பட்டறைகள் டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிடும் ஏசிகளைச் செய்து எந்தக் காரிலும் மாட்டிக்கொடுத்தன. அவற்றுக்கும் காரின் ஹீட்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உள்காற்றையே சுற்றவிட்டுக் குளிர்வித்தன, நன்றாகவே குளிர்வித்தன, ஏராளமாக விற்றன. அதற்கும் முன்னால் நெவாடா, அரிசோனா பாலைவனச் சாலைகளில் ஜன்னலில் உருளை ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். வண்டி ஓடும் காற்று ஈரப்பஞ்சைத் தாண்டி உள்ளே வரும், மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோலக் குளிரும். ஈரமான கடற்கரை ஊர்களில் அது உதவாது. ஆக, குளிர்ச்சிக்கு ஹீட்டர் வேண்டியதில்லையே? நம் வாசகர் இதையே இன்னும் கூர்மையாகக் கேட்கலாம்: சென்னையில் கார் ஹீட்டருக்கு என்ன வேலை? குளிர்ச்சி ஒன்றையே எண்ணிப் பார்த்தால் இந்த மறுப்புக்குப் பதில் இல்லை, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நவம்பர் மழையில் சென்னையில் கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஜன்னல்களை ஏற்றிய ஐந்தே நிமிடத்தில் முன்கண்ணாடி உள்பக்கம் மங்கும். வெளிக்காற்றும் ஈரம், உள்காற்றும் ஈரம். வெளிக்காற்றைச் சூடாக்கிக் காயவைக்கும் 1938-இன் தந்திரம் இந்த ஊரில் அரைகுறையாகத்தான் பலிக்கும். காற்றைக் குளிர்சுருளில் மோதவிட்டு, ஈரத்தை அங்கேயே நீராக வடித்துக் குழாய் வழியே சாலையில் சொட்டவிட்டு, காய்ந்த காற்றைக் கண்ணாடியின் அடி விளிம்புக்கு அனுப்பினால் நொடிகளில் துலங்கும். அதற்குக் குளிர்சுருள் கண்ணாடி துலக்கும் பாதையில் இருந்தாக வேண்டும். அந்தப் பாதை ஹீட்டருக்காகப் போட்டது. தொங்கும் பெட்டியாலும் டிக்கிப் பெட்டியாலும் இது முடியாது.

காற்றின் சூடும் ஈரமும் இரண்டு வேறு கணக்குகள் என்பது கார்க்காரர்களுக்குப் புதிதாக இருந்தாலும் கட்டட ஏசிக்காரர்களுக்குப் பழைய பாடம். 1902-இல் வில்லிஸ் கேரியர் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காகத் தன் முதல் அமைப்பை வடிவமைத்ததே ஆட்களைக் குளிர்விக்க அல்ல. ஈரத்தில் காகிதம் உப்பி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாததைத் தடுக்கத்தான். காரில் இந்தப் பாடம் முழுதாக நிறைவேறியது 1964 காடிலாக்கின் ‘கம்ஃபர்ட் கன்ட்ரோல்’ அமைப்பில். ஓட்டுநர் வேண்டிய வெப்பநிலையை டயலில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று உணரிகள் பார்த்துக்கொண்டிருக்கும். காற்று முதலில் குளிர்சுருளைத் தாண்டும். பிறகு அதில் ஒரு பங்கு வெந்நீர்ச் சுருளுக்குள் திருப்பப்பட்டு, மீண்டும் குளிர்காற்றோடு கலக்கும். எவ்வளவு பங்கு என்பதை ஒரு சிறு மடிப்புக் கதவு தீர்மானிக்கும். குளிர்வித்த காற்றைத் திரும்பச் சூடாக்குவது வீண்செலவு அல்லவா என்று கேட்கலாம். கம்ப்ரஸர் எஞ்சினின் குதிரைத்திறனில் கை வைப்பது உண்மை. ஆனால் கலப்பதற்கான சூட்டுக்குக் காசு இல்லை, எப்படியும் ரேடியேட்டரில் வீணாகப் போகிற சூடு அது. கம்ப்ரஸரைப் போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்திக் குளிரைச் சரிக்கட்டுவதைவிட, காய்ந்த காற்றில் தேவையான அளவு சூட்டைக் கலப்பது எவ்வளவோ சீரானது.

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலையும் ஒருமுறை பார்த்துவிடலாம். இந்த வாதத்துக்கு அது நல்ல உரைகல். அதன் எஞ்சின் பின்னால், காற்றால் குளிர்வது, வெந்நீரே கிடையாது. புகைக்குழாயைச் சுற்றிய கூடுகளில் சூடான காற்று, கதவுக்கு அடியில் ஓடும் நீளமான தகரக் கால்வாய்கள் வழியே முன்னால் வரும். வருவதற்குள் பாதி ஆறிவிடும், கால்வாய் துருப்பிடித்தால் மீதியும் போய்விடும். எஞ்சின் மெல்ல ஓடினால் காற்றும் மெல்லத்தான் வரும். ஹீட்டர் பெட்டி என்று ஒன்று டாஷ்போர்டுக்குப் பின்னால் இல்லாத இந்தக் காரில் ஏசி கடைசிவரை விருந்தாளியாகவே இருந்தது. டீலர்கள் அடியில் தொங்கவிட்ட பெட்டிதான் கதி. பிரிட்டிஷ் கார்களில் ஹீட்டரே நெடுங்காலம் கூடுதல் காசுக்குத் தரும் வசதி. ஆனால் ஃபோர்டு கார்டினாவில் 1964 இறுதியில் வந்த ‘ஏரோஃப்ளோ’ ஒரு விடுபட்ட கண்ணியைச் சேர்த்தது: டாஷ்போர்டின் இரு ஓரத்திலும் முகத்துக்குக் காற்றுவாய், பின்தூணில் காற்று வெளியேறும் வாய். உள்ளே தள்ளினால் போதாது, வெளியே போகவும் வழி வேண்டும் என்பதை ஏசி இல்லாத ஒரு சாதாரணக் காரே நிறுவியது.

பழைய கார்களைச் சீர்செய்யும் மெக்கானிக்குகளின் அனுபவமும் இந்த உறவுக்குச் சாட்சி. 1960-களின் அமெரிக்கக் காரில் ஏசி குளிரவில்லை என்றால் முதலில் கேஸ் அளவைப் பார்ப்பார்கள், கம்ப்ரஸரைப் பார்ப்பார்கள். இரண்டும் சரியாக இருந்தும் டாஷ்போர்டில் வெதுவெதுப்பான காற்றே வந்தால் அடுத்த சந்தேகம் ஹீட்டர்மேல். வெந்நீரை அடைக்கும் வால்வு முழுக்க மூடாமல் கசிந்தால், குளிர்சுருளில் சில்லிட்ட காற்று அடுத்த அங்குலத்திலேயே வெந்நீர்ச் சுருளில் சூடாகிவிடும். கலக்கும் கதவின் விளிம்பில் ஒட்டிய பஞ்சு உதிர்ந்திருந்தாலும் இதே கதிதான். அந்தக் கதவை இழுக்கும் வேக்குவம் குழாய் விண்டிருந்தாலும் அப்படியே. ஏசியின் நோய்க்கு ஹீட்டரைப் பிரித்து வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை டிக்கியில் ஏசி வைத்த 1953 காடிலாக்கில் வராது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் வந்ததற்குக் கொடுக்கும் விலை இது.

நாஷும் ஹட்சனும் 1954 மே மாதம் இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆயின. நாஷ் என்ற பெயர் விரைவிலேயே மறைந்தது. வெதர் ஐ என்ற பெயர் ராம்ப்ளர் கார்களின் ஹீட்டர்களில் தொடர்ந்தது. 1968-இல் அந்தக் கம்பெனி தன் அம்பாசடர் கார்கள் அனைத்திலும் ஏசியை விலையோடு சேர்த்தே கொடுத்தது. வேண்டாதவர்கள்தான் சொல்லிக் கழற்ற வேண்டும். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் ஏசியோடு போயின. இதில் ஒரு பாக்கி இருக்கிறது. வீட்டு ஃப்ரிஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் குடுவைக்குள் அடைத்து வெல்ட் செய்யப்பட்டவை. கார் கம்ப்ரஸரோ பெல்ட்டால் ஓடுவது. அதன் தண்டு வெளியே நீண்டாக வேண்டும், தண்டு நீளும் இடத்தில் சீல் தேய்ந்தாக வேண்டும், தேய்ந்தால் கேஸ் கசிந்தாக வேண்டும். கோடிக்கணக்கான கார்களிலிருந்து இப்படிக் கசிந்த ஆர்-12 எங்கே போயிற்று என்ற கேள்வியை 1974-இல் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுப்பினார்கள். அது அடுத்த அத்தியாயம்.